நடுக்கத்துக்கு லேகியம் இல்லை!

"டாக்டர், பையன் வீட்டுல நல்லாத்தான் பேசறான். மேடை ஏறினா மட்டும் கைகால் உதறுது. நரம்புத் தளர்ச்சியா இருக்குமோ? ஏதாவது லேகியம் குடுங்களேன்!"

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் இப்படிக் கேட்டு வரும் அம்மாக்கள் அதிகமாகிவிடுவார்கள். காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். அதைத் தொடர்ந்து சுதந்திர தினம். பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி சீசன்!

பிள்ளைகள் மட்டும்தான் வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள். "மேனேஜர் முன்னால பிரசன்டேஷன் குடுக்கணும் சார், ரெண்டு நாளா வயிறு கலக்குது" என்று கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் வருவார். "குழுவுக்குத் தலைவியா இருக்கச் சொல்றாங்க, மைக்கைப் பிடிச்சா தொண்டை அடைச்சுக்குது" என்று மகளிர் சுயஉதவிக் குழுச் சகோதரி தயங்குவார். பதவி உயர்வு வந்தால் கூட்டத்தில் பேச வேண்டியிருக்குமே என்று அதையே வேண்டாம் என்றவர்களும் உண்டு.

எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். மேடை நடுக்கத்துக்கு லேகியம் கிடையாது. சூரணமும் கிடையாது. ஏனென்றால் அது நோயே கிடையாது! 'நரம்புத் தளர்ச்சி போக்கும், நாவன்மை தரும்' என்று யாராவது மருந்து விற்றால், விற்பவருக்கு நாவன்மை இருக்கிறது என்று மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

நோய் இல்லாததை நோயாக்குவது நாம்தான். பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்து, தொண்டை கிழியக் கத்த வைத்து, அதற்குப் பேச்சு என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் உரக்கவே பேசப் போகிறேன்.

உடம்பு என்ன செய்கிறது?

நூறு ஜோடிக் கண்கள் நம்மையே பார்க்கும்போது, 'ஏதோ ஆபத்து' என்று உடம்பு கணக்குப் போடுகிறது. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. கை, கால் தசைகள் ஓடுவதற்குத் தயாராகி முறுக்கேறுகின்றன. ஓட இடமில்லாததால் நடுங்குகின்றன. ஜீரண வேலை தள்ளி வைக்கப்படுவதால் எச்சில் வற்றி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொள்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது.

சித்த மருத்துவத்தில் நடுக்கத்தை வாதத்தோடும், படபடப்பையும் வியர்வையையும் பித்தத்தோடும் சேர்த்துச் சொல்வோம். எந்த வைத்திய முறையின் மொழியில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான். இது சற்று நேரத்தில் வந்து, சற்று நேரத்தில் போகிற விருந்தாளி. பேசத் தொடங்கி இரண்டொரு நிமிடம் தாண்டினால், பெரும்பாலானவர்களுக்குப் படபடப்பு தானாகவே தணிய ஆரம்பிக்கும். ஆனால் 'ஐயையோ, கை நடுங்குதே... எல்லாரும் பார்க்கிறாங்களே' என்று அந்த விருந்தாளியை நாமே உபசரிக்க ஆரம்பித்தால், அவர் இலை போட்டு உட்கார்ந்து விடுவார்!

பெரியவர்களுக்கும் வந்ததுதான்

1893-ம் ஆண்டு செப்டம்பர் 11. சிகாகோ சர்வசமயப் பேரவை. விவேகானந்தர் மேடையில் அமர்ந்திருக்கிறார். அவர் அமெரிக்கா போவதற்காக நம் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர்களில் முக்கியமானவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். அவருக்கே விவேகானந்தர் பிற்பாடு கடிதம் எழுதினார். நெஞ்சு படபடத்ததையும், நாக்கு உலர்ந்து போனதையும், காலையில் பேசத் துணிவு வராததையும் அதில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தன் முறையைத் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்து, பிற்பகலில்தான் எழுந்தார். எழுந்ததும் எதிரே இருந்தவர்களை உடன்பிறந்தவர்களாக அழைத்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

காந்திஜியின் கதை இன்னும் சுவாரஸ்யம். லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கக் கூட்டத்துக்குத் தன் கருத்தை எழுதியே கொண்டு போனார். அதை வாசிக்கக்கூட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வேறொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. பாரிஸ்டராகித் திரும்பி, பம்பாயில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கேள்வி ஒன்றும் வரவில்லை. வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார்.

அதே மனிதர் 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக நடப்பது பற்றிப் பேசினார். வாழ்க்கையில் தன் முதல் பொதுப் பேச்சு என்று அதைத்தான் 'சத்திய சோதனை'யில் குறிப்பிடுகிறார். அது நன்றாகவே அமைந்தது.

நடுவில் அவர் எந்த லேகியமும் சாப்பிடவில்லை! என் கருத்தில் வித்தியாசம் இதுதான். பம்பாயில் அவர் கவனம் முழுக்கத் தன் மேலேயே இருந்தது. பிரிட்டோரியாவில் எதிரே இருந்த மனிதர்கள் மேலும், அவர்கள் படும் அவமானத்தின் மேலும் இருந்தது. சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அதைக் கேட்க வேண்டிய ஆட்களும் எதிரே இருந்தார்கள். நடுக்கத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் பேச்சு சம்பந்தமாகப் பல அதிகாரங்கள் உண்டு. அவற்றில் இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. 72-வது அதிகாரம் 'அவை அறிதல்'. 73-வது அதிகாரம் 'அவை அஞ்சாமை'. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் கேட்பவரைத் தெரிந்துகொள். அதற்குப் பிறகுதான் அஞ்சாமை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். 'பயப்படாதே, பயப்படாதே' என்று பிள்ளையின் முதுகைத் தட்டி மேடைக்கு அனுப்புகிறோம். எதிரே இருப்பவர் யார், அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லித் தருவதில்லை. பயப்படாதேன்னா பயம் போயிடுமா என்ன?

பேசப் போகிறவர் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடிக் கொள்ள வேண்டும்.

கேட்கப் போவது யார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளா, பெற்றோரா, வங்கி அதிகாரிகளா? அவர்களுக்கு இந்த விஷயத்தில் ஏற்கெனவே என்ன தெரியும்?

வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் எந்த ஒரு விஷயத்தைக் கையில் எடுத்துக் கொண்டு போக வேண்டும்? ஒன்றுதான். ஐந்து கொடுத்தால் ஒன்றும் நிற்காது.

எனக்கு எவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள்? பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள். சீக்கிரம் முடித்தவரைத் திட்டிய கூட்டம் உலகத்திலேயே இல்லை!

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மனம் தானாகவே தன்னை விட்டு எதிரே இருப்பவர் பக்கம் திரும்பிவிடும். பயத்துக்கு எனக்குத் தெரிந்த முதல் மருந்து இதுதான்.

ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு

'அன்னைத் தமிழுக்கு வணக்கம், அவையோருக்கு வணக்கம், நடுவர்களுக்கு வணக்கம்...' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் இரண்டு பக்கத்தைக் கொட்டிவிட்டு, 'நன்றி வணக்கம்' என்று ஓடி வரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். எழுதிக் கொடுத்தது அப்பா. எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே முழங்க வேண்டும் என்று பழக்கியது அம்மா. பிள்ளைக்கு அதில் பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. கீழே அம்மா செல்போனில் படம் எடுத்துக் கொண்டே உதட்டை அசைத்துக் கொண்டிருப்பார். அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்!

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்தது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் அடுத்தது வராது. நடுவில் யாரோ இருமினார்கள், மைக் கீச்சிட்டது... அவ்வளவுதான், கப்சிப்! சபை முழுக்கப் பார்க்கிறது. பிள்ளை அழுது கொண்டே இறங்குகிறது. 'இத்தனை நாள் சொல்லிக் குடுத்தேனே, மானத்தை வாங்கிட்டியே' என்று வீட்டில் ஒரு அர்ச்சனை வேறு. அந்த ஒரு நாள், நாற்பது வயது வரை மைக்கைக் கண்டால் ஒதுங்கிப் போகிற ஒரு மனிதரை உருவாக்கிவிடுகிறது. என்னிடம் வரும் பெரியவர்கள் பலரின் பயத்தைக் கிளறினால், அடியில் ஒரு பள்ளிக்கூட மேடை இருக்கிறது.

மனப்பாடமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று, தொடங்கும் வாக்கியம். படபடப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான் என்பதால் அது கைகொடுக்கும். இன்னொன்று, முடிக்கும் வாக்கியம். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் 'ஆகவே... எனவே...' என்று சுற்றி வருவதை அது தடுக்கும். நடுவில் மூன்று கருத்துகள். ஒவ்வொன்றையும் ஒரு சிறு அட்டையில் இரண்டு மூன்று வார்த்தைகளில் எழுதிக் கொள்ளுங்கள். கொட்டை எழுத்தில்! அட்டையைப் பார்ப்பது அவமானம் இல்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் ஊருக்குப் போய் வந்த கதையை மனப்பாடம் செய்தா சொல்கிறோம்? என்ன நடந்தது என்று தெரியும், வார்த்தை தானாக வரும். பேச்சும் அப்படித்தான் வர வேண்டும்.

ஒத்திகையைக் கண்ணாடி முன்னால் செய்வதைவிட ஓர் ஆள் முன்னால் செய்யுங்கள். கண்ணாடியில் நம்மையே பார்த்தால் கவனம் மறுபடியும் நம் மேலேதான் விழும். தாத்தா, தம்பி, யாராவது ஒருவரை உட்கார வைத்து, வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து மூன்று தடவை சொல்லிப் பாருங்கள். முடிந்ததும் 'எப்படிப் பேசினேன்?' என்று கேட்காதீர்கள். 'நான் என்ன சொன்னேன்?' என்று கேளுங்கள். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னால் நீங்கள் தயார்.

ஆபீஸ் பிரசன்டேஷனுக்கும் இதே விதிதான். திரையில் பத்தி பத்தியாக எழுதிப் போட்டுவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டிக் கொண்டு அதையே வாசிப்பதும் ஒப்பித்தல்தான். படிக்கத் தெரிந்தவர்கள்தானே எதிரே இருக்கிறார்கள்? திரையில் படமோ, நாலு வார்த்தையோ, ஒரு கணக்கோ இருக்கட்டும். விளக்கம் உங்கள் வாயிலிருந்து வரட்டும். மின்சாரம் போய்த் திரை அணைந்தாலும் உங்களால் பேச முடிய வேண்டும். அதுதான் சோதனை.

குரலை விறகு மாதிரி எரிக்காதீர்கள்

குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய குரல் நாண்கள் இருக்கின்றன. நீளம் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கும்போதுதான் குரல் பிறக்கிறது. ஆண்களுக்கு விநாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை, சிறு பிள்ளைகளுக்கு 250-க்கும் மேலாகவே அவை ஒன்றோடொன்று தட்டிக் கொள்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை இடைவிடாமல் ஒரு நிமிடம் குரல் எழுப்பினால் 15,000 தட்டு! அதையே கத்திச் சொன்னால் ஒவ்வொரு தட்டும் ஓர் அடியாக விழுகிறது.

மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஓயாமல் கத்தும் பிள்ளைகளின் குரல் நாணிலும் அதே மாதிரி சின்னச் சின்ன முடிச்சு வந்துவிடுகிறது. பிள்ளைகளின் நாள்பட்ட குரல் கம்மலுக்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. குரலுக்கு ஓய்வும் சரியான பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பரிசு வேண்டும் என்பதற்காகக் கம்மிய குரலையே மேலும் கத்த வைத்தால் எப்படிச் சரியாகும்? பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் பருவத்தில் இன்னும் கவனம் தேவை. அப்போது குரல் தானாகவே ஏறி இறங்கும். அதைக் கேலி செய்யவும் வேண்டாம், முழங்கு முழங்கு என்று விரட்டவும் வேண்டாம்.

மைக் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே நாம் கத்தாமல் இருப்பதற்காகத்தான். வாயிலிருந்து நாலைந்து விரல் தள்ளிப் பிடித்து, எதிர் வீட்டுக்காரரோடு பேசுகிற குரலில் பேசுங்கள், போதும். அதை ஊதிப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

பேச்சின் மூலதனம் மூச்சு. தோள் தூக்கி, மார்பை விரித்து எடுக்கும் மூச்சு பாதி வாக்கியத்திலேயே தீர்ந்துவிடும். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், விடும்போது தாழ வேண்டும். தினமும் ஐந்து நிமிடம் போதும். பிறகு அதே மூச்சை நின்றுகொண்டு பழகுங்கள். மேடை ஏறுவதற்கு முன்னால் மனசுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு நிதானத்துக்கு வரும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளைத் தாங்களாகச் செய்ய வேண்டாம். நான் சொல்வதில் அடக்குவதே கிடையாது.

சபையில் ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம், அதை முடித்துவிட்டு இன்னொருவரைப் பார்த்து அடுத்த வாக்கியம் என்று பேசுங்கள். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு எடுங்கள். அந்த இடைவெளி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். கேட்பவருக்கு அது சொன்னதை மெல்லுகிற நேரம்.

அடுக்களை வைத்தியம்: எதுவரை?

இவ்வளவு சொன்ன பிறகும், 'சித்த வைத்தியர் ஒரு மூலிகைகூடச் சொல்லலையே' என்று சில வாசகிகள் கோபிப்பீர்கள். சொல்கிறேன்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டால் அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக் கொள்ளலாம். சங்கீத வித்வான்களுக்கு ரொம்ப நாள் பழக்கமான சரக்கு இது. ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். அதிமதுரத்தை நாள்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் சத்து குறையும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணக் கூடாது.

சளியோடு கூடிய தொண்டைக் கரகரப்புக்குச் சித்தரத்தைத் துண்டு நல்லது. இரவில் மிளகுத்தூள், மஞ்சள், பனங்கற்கண்டு சேர்த்த வெதுவெதுப்பான பால் இதம் தரும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பனங்கற்கண்டு வேண்டாம். ஒரு தம்ளர் வெந்நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம். இவையெல்லாம் தொண்டைக்கு இதம் தருபவை. குரல் நாணில் விழுந்த முடிச்சைக் கரைக்கும் என்று நினைக்காதீர்கள்.

'வசம்பை உரைத்து நாக்கில் தடவினால் பிள்ளை நன்றாகப் பேசும்' என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். பேர் சொல்லா மருந்து என்று மரியாதையாகச் சொல்லப்படும் சரக்குதான். ஆனால் அளவு தெரியாமல் கொடுத்தால் வாந்தி எடுக்க வைக்கும். பேச்சாளர் ஆக்காது!

பேசும் நாளன்று காலையிலிருந்தே அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். மேடைக்குப் போகும் முன் ஒரு சொம்பைக் கவிழ்ப்பதில் பிரயோஜனமில்லை. குடித்த தண்ணீர் குரல் நாண்களைத் தொடுவதே இல்லை. தண்ணீர் போவது உணவுக் குழாயில், குரல் இருப்பது மூச்சுப் பாதையில். உடம்பு முழுக்க ஈரம் ஊறி அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்கும். மேடையில் ஒரு மடக்குத் தண்ணீர் வாய் வறட்சிக்கு மட்டும்தான்.

முதல் நாள் இரவு பரோட்டா, பிரியாணி என்று நேரங்கழித்து வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால் புளித்த ஏப்பம் தொண்டை வரை ஏறும். காலையில் குரல் கரகரக்கும். இட்லி, இடியாப்பம் போல எளிதாகச் செரிப்பதைச் சாப்பிட்டுச் சீக்கிரம் படுங்கள். படபடப்பு உள்ளவர்கள் பேசுவதற்கு முன் காபியைக் குறையுங்கள், அது படபடப்பைக் கூட்டும். 'க்ர்ர்ம்' என்று ஓயாமல் தொண்டையைச் செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலும் குரல் நாண்களை மோத விடுகிறது. எச்சிலை விழுங்கினாலே போதும். தொண்டை கட்டினால் கிசுகிசுப்பதும் ஓய்வல்ல. முக்கிக் கிசுகிசுத்தால் அதுவும் உழைப்புதான். மௌனம்தான் ஓய்வு. புகை, புகையிலை பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது வேறு மருத்துவரிடம் போக வேண்டும்?

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் என்னைப் போன்றவர்களிடம் கஷாயம் கேட்டு நிற்காதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்பவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள், எச்சிலில் ரத்தம் காண்பவர்கள் மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

திக்குவாய் என்பது கோழைத்தனம் அல்ல. 'நிதானமாப் பேசுடா' என்று அதட்டினால் அதிகமாகும். நாக்கின் அடியில் கூழாங்கல் வைக்கும் வித்தையெல்லாம் வேண்டாம், தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதற்கென்று பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்காகவே இருக்கும் மத்திய அரசு நிறுவனம்.

சிலர் படபடப்பைக் குறைக்க, யாரோ சொன்னார்கள் என்று புரோப்ரனலால் மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத் திணறலையே கொண்டு வந்துவிடும். டாக்டர் பார்த்துக் கொடுக்காமல் தொடக் கூடாத மாத்திரை. 'ஒரு பெக் போட்டா தைரியம் வரும்' என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அது தைரியத்தை அல்ல, உளறலைத்தான் கொண்டு வரும்.

மேடை மட்டுமல்ல, நாலு பேர் இருக்கும் இடத்துக்கே போக முடியவில்லை, கடையில் பொருள் கேட்கவே நடுங்குகிறது, இதனால் படிப்பும் வேலையும் கெடுகிறது என்றால் அது வேறு சங்கதி. மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் மேடை நம் வீட்டுக் கூடம்

கடைசியாகப் பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. கொஞ்சம் கசக்கும். மருந்து கசக்கத்தானே செய்யும்?

வீட்டில் பிள்ளை வாயைத் திறந்தால், 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே' என்கிறோம். ஏன் என்று கேட்டால், 'எதிர்த்தா பேசறே?' என்கிறோம். பெண் பிள்ளையாக இருந்தால், 'என்ன சத்தம் அங்கே?' என்று இன்னும் ஒரு அதட்டல் அதிகம். வருஷம் முழுக்க வாயை மூட வைத்துவிட்டு, ஆகஸ்ட் 15 அன்று மட்டும் மேடையேறிச் சிங்கம் மாதிரி முழங்கு என்றால் எப்படி? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் மனப்பாடம் ஒன்றுதான். ஏனென்றால் சொந்த வார்த்தையைச் சொல்ல நாம் இடமே கொடுக்கவில்லை.

நான் சொல்லும் வைத்தியத்துக்குக் காசு செலவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை நிறுத்துங்கள். செல்போன்களை அலமாரியில் வையுங்கள். வீட்டில் ஒருவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். தலைப்பெல்லாம் பெரிதாக வேண்டாம். இன்று பஸ்ஸில் பார்த்தது, பள்ளியில் நடந்தது, எனக்குப் பிடிக்காத காய்கறி, எதுவானாலும் சரி. மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். திருத்தக் கூடாது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அப்பாவுக்கும் முறை வரும், பாட்டிக்கும் வரும், சமையலறையிலேயே நின்றுவிடும் அம்மாவுக்கும் கட்டாயம் வர வேண்டும். 'எனக்கென்ன பேசத் தெரியும்?' என்று அம்மா மழுப்பினால் விடாதீர்கள். மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவதைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

ஒரு மாதம் தொடர்ந்து செய்து பாருங்கள். பிள்ளைக்குப் பரிசு கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டால் போகட்டும். நாளைக்கு பஸ்ஸில் யாராவது தப்பாக நடந்தால் குரல் எழுப்பவும், வகுப்பில் புரியவில்லை என்றால் எழுந்து கேட்கவும், மருத்துவரிடம் 'எனக்கு இங்கே வலிக்கிறது' என்று தெளிவாகச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு வாய் வந்துவிடும். கோப்பை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். இந்த வாய் ஆயுசுக்கும் துணைக்கு வரும்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டில் முதல் மூன்று நிமிடம் யாருடையது?